கூபேயா, கன்வெர்டிபிளா? இரு நல்லவற்றுக்கு இடையே தேர்வு

ஸ்போர்ட்ஸ் கார்கள் பல ஒரே பெயரில் இரண்டு வடிவங்களில் விற்பனைக்கு வருகின்றன. கூரை நிலையாக அமைந்தது கூபே. கூரையை மடித்துப் பின்னால் இறக்கிவிட முடிந்தால் அது கன்வெர்டிபிள். எஞ்சினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் ஒன்றுதான். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் உலகம் முதன்முதலில் பார்த்த ஜாகுவார் இ-டைப் அறிமுகத்தின்போதே இரு வடிவங்களோடு வந்தது. 1963-ல் கூபேயாகக் காட்சிக்கு வந்த போர்ஷே 911-க்கு, முழுக்கத் திறக்கும் கேப்ரியோலே வடிவம் 1982-ல்தான் கிடைத்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5 திறந்த காராகவே 1989-ல் பிறந்தது.

இரண்டில் எதை வாங்குவது என்பது வசதி படைத்தவர்களின் ரசனைச் சிக்கலாகத் தோன்றலாம். ஆனால் மெய்யியலின் பழைய கேள்வி ஒன்றைச் சோதித்துப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. இரண்டு நல்லவற்றில் எதுவும் மற்றதைவிட மேலானதாக இல்லாதபோது, ஒன்றைக் காரணத்தோடு தேர்ந்தெடுக்க முடியுமா? உயிர், கடமை, உறவு போன்றவை குறுக்கிடும் தேர்வுகளில் துயரமும் குற்ற உணர்வும் கேள்வியை மறைத்துவிடும். இங்கே அந்தச் சுமை இல்லை. கேள்வியை மட்டும் தனியே பார்க்கலாம்.

எண்கள் எதுவரை வரும்?

இன்றைய காரில் கூரை வெயிலையும் மழையையும் தடுப்பதோடு நிற்பதில்லை. வண்டியின் உடலை முறுக்கிவிடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். மூடியை அறுத்தெடுத்த அட்டைப்பெட்டி கையில் எளிதாக முறுக்கிக்கொள்வதைப் போல, கூரை இல்லாத உடலும் வளைவுகளிலும் குழிகளிலும் முறுக்கம் காட்டும். இதை ஈடுகட்டக் கதவடிச் சட்டங்கள், முன்கண்ணாடிச் சட்டம், தரைத்தளம் ஆகியவற்றைப் பொறியாளர்கள் வலுப்படுத்துகிறார்கள். கூரையை இயக்கும் மோட்டார்களும் சேர்ந்து எடை கூடுகிறது. பிஎம்டபிள்யூ இசட்3 ரோட்ஸ்டருக்குக் கூரை அமைத்து 1998-ல் எம் கூபே வெளிவந்தபோது, உடலின் முறுக்க உறுதி இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

இன்று இந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. 2019-ல் வந்த 992 தலைமுறை 911 கரேராவில் கூபேயின் எடை சுமார் 1,505 கிலோ. கேப்ரியோலேயின் எடை சுமார் 1,575 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டக் கூபேக்கு 4.2 விநாடி, கேப்ரியோலேக்கு 4.4 விநாடி. உச்ச வேகம் முறையே 293, 291 கிலோமீட்டர். துணிக்கூரை சுமார் 12 விநாடியில் திறந்துவிடும். 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும்போதே திறக்கலாம். மெக்லாரன் 720எஸ் ஸ்பைடர் கூபேயைவிட 49 கிலோ மட்டுமே கூடுதல். கார்பன் இழையாலான தொட்டி வடிவச் சட்டமே உடலின் பாரத்தைத் தாங்குவதால் அதற்குத் தனி வலுவூட்டல் தேவைப்படவில்லை.

ஆக, அளக்கக்கூடியவை எல்லாம் அளந்தாகிவிட்டன. கூபேயிடம் உறுதி, அமைதி, குறைந்த எடை, குறைந்த விலை. கன்வெர்டிபிளிடம் வானம், காற்று, எஞ்சினின் நேரடி ஒலி. வாங்குபவரின் தயக்கம் மட்டும் தீரவில்லை.

கணக்குப் பார்க்கும் மரபு

தயக்கத்தைத் தீர்க்கத் தத்துவம் முதலில் நீட்டிய கருவி கணக்கு. வேலை மாற்றம் ஒன்றைப் பற்றி முடிவெடுக்கத் திணறிய ஜோசஃப் பிரீஸ்ட்லிக்கு 1772-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் சாதகங்களையும் மறுபக்கம் பாதகங்களையும் மூன்று நான்கு நாள் குறித்துவர வேண்டும். பிறகு சம எடை உள்ளவற்றை இருபுறமும் அடித்துவிட்டு, மிஞ்சியதைப் பார்க்க வேண்டும். ஜெரமி பெந்தாம் 1789-ல் வெளியிட்ட நூலில் இன்பத்தின் தீவிரம், கால அளவு, உறுதிப்பாடு முதலிய ஏழு அளவைகளை வகுத்து இதே வழியை அறநெறிக்கும் நீட்டினார்.

இம்முறை வேலை செய்ய, இருபுறமும் உள்ளவற்றை ஒரே தராசில் வைக்க முடிய வேண்டும். 70 கிலோ எடையையும் 0.2 விநாடியையும் அளக்கலாம். மாலை வெளிச்சத்தில் கூரையின்றி மலைப்பாதையில் ஓட்டுவதற்கு எத்தனை கிலோ ஈடு? இதற்கு விடை சொல்பவர் ஓர் எண்ணைக் கண்டுபிடித்ததாக நினைக்கலாம். உண்மையில் அவர் அந்த எண்ணை அந்தக் கணமே வைக்கிறார். கணக்கு முடிவைத் தருவதற்கு முன்பே முடிவு கணக்குக்குள் நுழைந்துவிடுகிறது.

திறந்து வைத்த வாய்ப்பின் விலை

கன்வெர்டிபிளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று தருக்க வடிவிலானது. கூரையை மூடினால் அது கூபே ஆகிவிடுகிறது. திறந்தால் கூபே தர முடியாததையும் தருகிறது. எனவே இரண்டையும் தன்னுள் கொண்ட கன்வெர்டிபிளே மேல் என்கிறது அந்த வாதம்.

வாதத்தின் பிழை அதன் முதல் அடியிலேயே இருக்கிறது. கூரையை மூடிய கன்வெர்டிபிள் கூபே ஆகிவிடுவதில்லை. கூடுதல் எடை, வலுவூட்டல், சுருங்கிய பின்பகுதி எல்லாம் கூரை மூடியிருக்கும்போதும் உடன் வருகின்றன. திறக்கும் வாய்ப்பைப் பயன்படுத்தாத நாட்களிலும் அதற்கான விலை செலுத்தப்படுகிறது. வாய்ப்புகளைத் திறந்து வைத்திருப்பது எப்போதும் நல்லது என்ற பொதுக் கருத்துக்கு இது ஒரு திருத்தம். வாய்ப்பைக் கையில் வைத்திருப்பதும் ஒரு பொருளை வாங்குவதுதான். அதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவு தகுமா என்பது மீண்டும் அதே தேர்வுக் கேள்விதான்.

நடுவழியும் கேள்வியைத் தீர்ப்பதில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் திறந்த கார்களைத் தடுத்துவிடக்கூடும் என்ற அச்சத்தில், நிலையான வளைவுச் சட்டத்தோடு போர்ஷே 1965-ல் காட்டியது 911 டார்கா. இன்றைய டார்காவின் கூரை திறக்கச் சுமார் 19 விநாடி ஆகிறது. வண்டி நின்றிருந்தால்தான் திறக்கும். கேப்ரியோலேயைவிட எடையும் கூடுதல். இரு நன்மைகளின் நடுவே நிற்பது மூன்றாவது தேர்வாகிறதே ஒழிய முதல் இரண்டின் கூட்டுத்தொகை ஆவதில்லை. அறநெறியில் நடுநிலை என்பது எண்களின் நட்டநடுப் புள்ளி அன்று என்று அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலில் செய்த எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

இரண்டும் சமமா?

கணக்கு தீர்க்கவில்லை என்றால் இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாமே என்பது அடுத்த எண்ணம். சமமான இரண்டுக்கு நடுவே மனம் என்ன செய்யும் என்ற ஆராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. பசியும் தாகமும் சமமாக வாட்ட, உணவுக்கும் நீருக்கும் நடுவே அசையாமல் நிற்கும் மனிதனை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். இரண்டு வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே பட்டினி கிடந்து செத்த கழுதையின் கதை 14-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் அறிஞர் ழான் புரிடான் பெயரில் வழங்குகிறது. ஆனால் அவருடைய நூல்களில் அந்தக் கழுதை இல்லை.

இந்தச் சிக்கலைச் சமயத்தோடு இணைத்தவர் இமாம் கஸ்ஸாலி. எல்லாக் கணங்களும் ஒன்றுபோல இருக்க, இறைவன் உலகைப் படைக்க ஒரு குறிப்பிட்ட கணத்தை ஏன் தேர்ந்தான் என்று தத்துவவாதிகள் கேட்டனர். ஒரு கணத்தை மற்றதிலிருந்து பிரிக்கும் காரணம் இல்லாததால் உலகம் அநாதியானது என்பது அவர்கள் முடிவு. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய நூலில் கஸ்ஸாலி இதை மறுத்தார். எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு பேரீச்சம்பழங்கள் முன்னால் இருக்க, ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்றால் பசித்தவன் ஒன்றை எடுத்துக்கொள்வான். ஒன்றுபோல் உள்ளவற்றில் ஒன்றைப் பிரித்தெடுப்பதே விருப்பாற்றலின் இயல்பு என்றார். இப்னு ருஷ்த் இதற்கு மறுமொழி தந்தார்: அந்த மனிதன் இந்தப் பழத்தை அந்தப் பழத்திலிருந்து தேரவில்லை, பட்டினியைவிட உண்பதைத் தேர்ந்தான். லைப்னிட்ஸ் 1710-ல் வேறு பக்கம் போனார். உலகை இரு சமபாதியாக வெட்ட முடியாது; எனவே முழுச் சமநிலை என்பதே நிகழாது, நாம் உணராத நுண்ணிய சாய்வுகள் எப்போதும் உண்டு என்பது அவர் நிலை.

ஷோரூமில் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி நிற்கும் இரண்டு கூபேக்களில் ஒன்றைக் கொண்டுபோவது பேரீச்சம்பழச் சிக்கல்தான். மெய்யியலாளர்கள் எட்னா உல்மன்-மார்கலித்தும் சிட்னி மார்கன்பெசரும் 1977-ல் எழுதிய கட்டுரை, இவ்வாறு வெறுமனே எடுத்துக்கொள்வதைக் காரணத்தோடு தேர்வதிலிருந்து பிரித்துக் காட்டியது. கூபேக்கும் கன்வெர்டிபிளுக்கும் இடையே தயங்குபவர் நாணயத்தைச் சுண்டிவிட்டுப் போவதில்லை. அவரிடம் இரு பக்கத்துக்கும் காரணங்கள் குவிந்து கிடக்கின்றன.

சமமும் இல்லை, மேலும் இல்லை

இரண்டும் சமம் அல்ல என்பதைக் காட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. கூபேயும் கன்வெர்டிபிளும் சமம் என்று ஒருவர் சொல்கிறார் என்று கொள்வோம். விற்பனையாளர் கூபேயின் விலையில் 10,000 ரூபாய் குறைக்கிறார். உண்மையிலேயே சமமாக இருந்தால், சிறு சலுகை கிடைத்ததும் தராசு கூபே பக்கம் சாய்ந்துவிட வேண்டும். ஆனால் தயங்கியவர் இன்னும் தயங்குகிறார். சலுகை அவருக்கு உதவவில்லை. எனவே ஒன்று மேல், ஒன்று கீழ், இரண்டும் சமம் என்ற மூன்று விடைகளில் எதுவும் பொருந்தவில்லை.

1986-ல் வெளிவந்த தமது நூலில் மெய்யியலாளர் ஜோசஃப் ராஸ் இதிலிருந்து எடுத்த முடிவு, இவற்றுக்குப் பொது அளவுகோல் இல்லை, ஒப்பிடவே முடியாது என்பது. இன்னொரு மெய்யியலாளர் ரூத் சாங் 2002-ல் எழுதிய கட்டுரையில் மாறுபட்டார். ஒப்பிட முடிகிறது; ஆனால் மேல், கீழ், சமம் என்ற மூன்றுக்கும் அப்பால் நான்காவது உறவு ஒன்று உண்டு. அதை நிகர்நிலை எனலாம். நிகர்நிலையில் உள்ளவை மதிப்பில் அருகருகே நிற்கும், ஆனால் அவற்றின் மதிப்பு வேறு வேறு வகையைச் சேர்ந்தது.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. உண்மையில் ஒன்று மேலானதுதான், வாங்குபவருக்கு அது தெரியவில்லை என்பது ஒரு மறுப்பு. மேலானது என்ற கருத்தின் எல்லையே தெளிவற்றது, நான்காவது உறவு தேவையில்லை என்பது ஜான் புரூம் முன்வைத்தது. அறியாமை வாதத்துக்குச் சாங் தரும் விடை வலுவானது. காபியையும் தேநீரையும் இப்போதுதான் சுவைத்த ஒருவருக்குத் தன் சுவையைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. ஆயினும் எது மேல் என்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம். இரண்டு கார்களையும் வெயிலிலும் மழையிலும் வேண்டிய அளவு ஓட்டிப் பார்த்தவரின் நிலையும் அதுவே. அவருக்கு இன்னொரு தகவல் கிடைத்தால் தீர்ந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நிகர்நிலையில் காரணங்கள் தாமாக முடிவைத் தருவதில்லை. அதனால் தேர்வு தன்னிச்சையாகிவிடுவதும் இல்லை. தான் எந்த வகை ஓட்டத்தை மதிக்கும் மனிதர் என்பதில் வாங்குபவர் தன்னை நிறுத்திக்கொள்கிறார். வளைவில் துல்லியத்தைத் தேடுபவராகவோ, வழியின் காற்றையும் மணத்தையும் தேடுபவராகவோ அவர் ஆகிறார். அப்படி நின்ற பிறகு, முன்பு இருபுறமும் இழுத்த காரணங்களில் ஒரு பக்கம் அவருக்குக் கூடுதல் வலுப் பெறுகிறது.

தேர்ந்த பிறகு

இப்படி நிலைகொள்ளாதவருக்கு உண்மையான இழப்பு காத்திருக்கிறது. கூபே வைத்திருப்பவர், கன்வெர்டிபிள் இதைவிடக் குறைந்தது அல்ல என்று அதற்கு மாறுகிறார். பிறகு, பழைய கூபே ஒன்று கன்வெர்டிபிளைவிடக் குறைந்தது அல்ல என்று அதற்கு மாறுகிறார். ஒவ்வொரு அடியும் தனியே பார்த்தால் நியாயமானது. முடிவில் அவர் கையில் இருப்பது, முதலில் வைத்திருந்ததைவிடத் தேய்ந்த அதே வகைக் கார். இடையில் மதிப்புக் குறைந்த தொகையும் போயிற்று. நிகர்நிலை என்ற கருத்துக்கு எதிராக எழுப்பப்படும் வாதங்களில் இதுவும் ஒன்று. அதற்கு விடை, தேர்ந்ததில் நிற்பதே.

இதை 16-ஆம் நூற்றாண்டிலேயே சமய நோக்கில் வகுத்தவர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். 1548-ல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற ஆன்மிகப் பயிற்சிகளில் அவர் தேர்வுகளை இரண்டாகப் பிரிக்கிறார். குருத்துவம், திருமணம் போன்றவை மாற்ற முடியாதவை. உலகப் பொருட்களை ஏற்பதும் விடுவதும் மாற்றக்கூடியவை. மாற்றக்கூடியதையும் ஒருவர் முறையாக, பற்றின்றித் தேர்ந்திருந்தால் அதை மீண்டும் கிளற வேண்டியதில்லை. தேர்ந்ததில் தன்னை முழுமைப்படுத்திக்கொண்டால் போதும் என்பது அவர் அறிவுரை. முன்பின் அறியாத ஒருவருக்கு இதே நிலையில் என்ன ஆலோசனை சொல்வோம் என்று எண்ணிப் பார்க்கும் வழியையும் அவர் காட்டுகிறார். நண்பர்களின் வியப்புக்காக வாங்கப்படும் கன்வெர்டிபிளும், பந்தயத் தடத்தையே காணாதவர் பந்தயப் பெருமைக்காக வாங்கும் கூபேயும் அந்தச் சோதனையில் எளிதில் பிடிபடும்.

உளவியலும் இந்தப் பக்கம் சான்று தருகிறது. டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எடுத்த இரண்டு புகைப்படங்களில் ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு மாணவர்களிடம் சொல்லப்பட்டது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற வாய்ப்புப் பெற்றவர்கள், முடிவு இறுதியானது என்று சொல்லப்பட்டவர்களைவிடத் தங்கள் படத்தைக் குறைவாகவே விரும்பினார்கள். மாற்றும் வாய்ப்பு அவர்களின் நிறைவைக் கூட்டாமல் குறைத்தது.

எனவே இரு நல்லவற்றுக்கு நடுவே தவறான விடை என்று ஒன்று இல்லாவிட்டாலும், தவறான வழி உண்டு. எண்கள் முடிந்த இடத்திலும் எண்களையே கேட்டுக்கொண்டிருப்பது ஒன்று. தேர்ந்த பிறகும் தேராததன் அளவுகோலைக் கொண்டு தேர்ந்ததை அளப்பது மற்றொன்று. கூபே வாங்கியவர் வானம் இல்லை என்று வருந்துவதும், கன்வெர்டிபிள் வாங்கியவர் 70 கிலோவை எண்ணி வருந்துவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எந்த ஓட்டத்துக்குத் தாம் உரியவர் என்று முடிவுசெய்து, பிறகு அந்த முடிவில் நிற்பதே இத்தகைய தேர்வில் பகுத்தறிவுள்ள வழி.