தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்

அக்காள் மகளுக்குப் பதினைந்து வயது. திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள். "கடவுள் ஒரு ஜனத்தை மட்டும் தெரிஞ்சுக்கிட்டார்னா, மத்தவங்க அவருக்கு வேண்டாதவங்களா மாமா?" இதை விசுவாசக் குறைவு என்று யாரும் அவளிடம் சொல்லிவிடக் கூடாது. நியாயத்தின் மேல் உள்ள பசி அது. வேதத்திலேயே அந்தப் பசி இருக்கிறது.

*

ஆதியாகமம் 12. ஊரையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டு வரச்சொல்லி ஆபிரகாமுக்கு அழைப்பு. அந்த அழைப்பு முடியும் இடத்தில் பூமியின் வம்சங்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. அவனால் அவர்களுக்கும் ஆசீர்வாதம். ஒருவனைக் கூப்பிடும்போதே எல்லாரும் நினைக்கப்பட்டுவிட்டார்கள்.

ஏன் இஸ்ரவேல்? உபாகமம் 7 ஒளிக்காமல் சொல்கிறது: எண்ணிக்கையில் எல்லாரிலும் சிறிய கூட்டம் அது. கடவுள் அன்புகூர்ந்தார், முன்னோருக்குக் கொடுத்த வாக்கைக் காத்தார். தகுதியைப் பற்றிய பேச்சே இல்லை.

*

ஆமோஸை அவள் அவசியம் வாசிக்க வேண்டும். தெக்கோவாவின் மேய்ப்பன், கி.மு. 8ஆம் நூற்றாண்டு. உங்களை அறிந்திருப்பதால்தான் உங்களிடம் கணக்குக் கேட்பேன் என்று கடவுள் சொல்வதாக மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறான். ஒன்பதாம் அதிகாரம் இன்னும் கடுமை. எகிப்திலிருந்து இஸ்ரவேலை நடத்திவந்தவரே கப்தோரிலிருந்து பெலிஸ்தரையும் கீரிலிருந்து சீரியரையும் நடத்திவந்தாராம். பெலிஸ்தர், பரம எதிரிகள்! அவர்களுக்கும் ஒரு யாத்திரை, அதே கை. எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

*

நாசரேத்து ஜெபஆலயம், லூக்கா 4. சொந்த ஊர்க்காரர்கள் இயேசுவின் பேச்சை வியந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் இரண்டு பழைய கதைகளை நினைவூட்டுகிறார். பஞ்ச காலத்தில் இஸ்ரவேலில் விதவைகள் பலர் இருந்தார்கள். எலியா அனுப்பப்பட்டதோ சீதோனைச் சேர்ந்த சரெப்தா ஊர் விதவையிடம். குஷ்டரோகிகளும் பலர் இருந்தார்கள். எலிசாவின் நாளில் சுத்தமானவன் சீரியனாகிய நாகமான். புதிதாக எதையும் அவர் சொல்லவில்லை. அவர்களுடைய வேதத்தில் இருந்ததைத்தான் சொன்னார். அதற்கே மலையின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போனார்கள், கீழே தள்ளிவிட.

கடவுள் நமக்கே உரியவர் என்கிற எண்ணம் இவ்வளவு சீக்கிரம் கொலைவெறியாகிறது. நல்ல மனிதர்கள்தான் அவர்கள். ஓய்வுநாள் தவறாமல் ஆலயத்துக்கு வருகிறவர்கள்.

*

தெரிந்துகொள்ளப்பட்ட சந்ததி என்று சபையைப் பேதுரு அழைத்த வசனம் பல வீடுகளில் சுவரில் தொங்குகிறது. சின்ன ஆசியாவில் சிதறி, அந்நியராய் வாழ்ந்தவர்களுக்கு எழுதியது அது. ஒருகாலத்தில் ஜனமாகவே இல்லாதவர்கள் என்று அடுத்த வசனத்தில் நினைவூட்டுகிறார்.

பவுலும் யூதரல்லாத விசுவாசிகளை எச்சரித்தார். காட்டொலிவக் கிளையாகிய நீ ஒட்டவைக்கப்பட்டவன். வேர்தான் உன்னைத் தாங்குகிறது. மற்றக் கிளைகளுக்கு விரோதமாகப் பெருமை பேசாதே. ரோமர் 11. சபை அதைக் கேட்கவில்லை. யூதரைக் கடவுள் தள்ளிவிட்டார், அவர்களுடைய இடம் இப்போது நமக்கு என்று நூற்றாண்டுகளாகப் போதித்தது. அதன் பெயரால் யூதர்கள் பட்ட பாட்டையும் அவளிடம் மறைக்கக் கூடாது. யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965 அக்டோபரில்தான். எவ்வளவு தாமதம்!

*

ஏசாவைப் பற்றிக் கட்டாயம் கேட்பாள். பிறக்குமுன்பே அவனை விட்டு அவன் தம்பி யாக்கோபைக் கடவுள் ஏன் தெரிந்துகொண்டார்? ரோமர் 9 அந்தக் கேள்வியை ஆற்றவில்லை, கூர்மையாக்குகிறது. பலர் அங்கேயே நிறுத்தி, சிலர் இரட்சிப்புக்கு, சிலர் அழிவுக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பவுல் நிறுத்தவில்லை. எல்லார்மேலும் இரக்கமாயிருப்பதே கடவுளின் நோக்கம் என்கிற இடம்வரை, பதினொன்றாம் அதிகாரத்தின் முடிவுவரை போகிறார். மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் அவளோடு வாசிக்க வேண்டும்.