மன்னித்த மன்னன்

பகைவரைப் பொறுத்தல் அறம் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. ஆனால் அரியணையில் இருப்பவன் ஒருவன், தனக்கு இழைக்கப்பட்ட தீங்குகளையெல்லாம் பொறுத்துக்கொண்டே போவானாயின் அதுவும் அறமாகுமா? இவ்வினாவுக்கு ஏழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு மன்னன் தன் உயிரையே விலையாகக் கொடுத்தான்.

அந்நாளில் அஃது ஒரு நாடன்று. ஆங்கிலரும் சாக்சனியரும் பல அரசுகளாகப் பிரிந்து வாழ்ந்த நிலம். அவற்றுள் கிழக்குச் சாக்சனியரை ஆண்டவன் சிகபெர்ட். நார்தம்பிரிய வேந்தன் ஆஸ்வியூவின் அறிவுரையால் 653ஆம் ஆண்டளவில் கிறித்தவம் தழுவியவன். சில ஆண்டுகளில் அவனுடைய உறவினரான உடன்பிறந்தார் இருவர் அவனைக் கொன்றனர். ஏன் கொன்றீர் என்று வினவியபோது, தீங்கு செய்தவர் வந்து இறைஞ்சியவுடனே அவன் மன்னித்துவிடுகிறான், அதனை எம்மால் பொறுக்க இயலவில்லை என்றனராம்! 731இல் தம் வரலாற்று நூலை முடித்த ஜாரோ மடத்துத் துறவி பீட் இதனை எழுதி வைத்துள்ளார்.

படித்தவுடன் நமக்கு அக்கொலைஞர்மேல் வெறுப்பே எழுகிறது. ஆயினும் அவர்தம் உலகைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கே காவற்படை இல்லை, சிறைக்கூடம் இல்லை. ஒருவனுக்குக் காவல் அவன் சுற்றமே. கொல்லப்பட்டவனுக்காகச் சுற்றத்தார் பழிவாங்குவர். அன்றேல் உயிர்விலை பெறுவர். 600ஆம் ஆண்டையொட்டிக் கெண்ட் நாட்டு மன்னன் ஏதெல்பெர்ட் வகுத்த சட்டத்தில் உரிமைக் குடிமகன் ஒருவனின் உயிர்விலை 100 ஷில்லிங். பிற்காலத்தே தொகுக்கப்பட்ட மெர்சிய வழக்கிலோ, மன்னன் கொலையுண்டால் சுற்றத்துக்கு ஒரு பங்கும் அதற்கு இணையாக நாட்டு மக்களுக்கு ஒரு பங்கும் தரல் வேண்டும். எனவே மன்னனின் உடல் அவனுக்கு மட்டும் உரியதன்று. அவனுக்கு நேர்ந்த இழிவு சுற்றத்தின் இழிவு, அவன் சோறுண்ட வீரரின் இழிவு. பிறர்க்கும் பங்குள்ள கடனை ஒருவன் தானே தள்ளிவிடலாமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. கோப்புகளுக்கிடையே நாள் கழிக்கும் நம்மைப் போன்றோர்க்கு இக்கேள்வி புதிதன்று. மேலிருப்பவர் தாராளமாக விட்டுக்கொடுப்பது பல வேளைகளில் கீழிருப்பவரின் பங்கையே அன்றோ?

ஆயினும் கொலைஞர் பக்கம் நம்மால் நிற்க இயலவில்லை. கடன் பொதுவாயின் அதனைக் கேட்டு வழக்காடியிருக்கலாம். வாளெடுத்தவர் அவனுடைய பங்கையும் சேர்த்தே அழித்தனர்.

பீட் இன்னொரு காரணமும் கூறுகிறார். கொன்றோருள் ஒருவன் முறையற்ற மணம் செய்தமையால், அவன் வீட்டில் எவரும் உண்ணலாகாது என ஆயர் செட் விலக்கியிருந்தார். மன்னன் அங்கே விருந்துண்டு திரும்புகையில் ஆயரை எதிர்ப்பட்டான். நடுங்கிக் குதிரையினின்று இறங்கி அவர் அடியில் வீழ்ந்தான். அவரோ தம் கைக்கோலால் அவனைத் தொட்டு, அவ்வீட்டிலேயே நீ மடிவாய் என்றார். அவ்வாறே முடிந்தது. மன்னிப்பைப் போதித்தவர் காலில் விழுந்தவனை மன்னிக்கவில்லை, மன்னித்தவன் மாண்டான். ஆயரின் நெறி தவறாமையைப் பீட் போற்றலாம். நம் நெஞ்சம் மண்ணில் கிடந்தவன்பாலே செல்கிறது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 651இல், டெய்ரா நாட்டு ஆஸ்வின் என்பானும் இவ்வாறே மாண்டான். ஆஸ்வியூவின் பெரும்படைக்கு எதிரே வீணே உயிர்கள் மாளலாகாதெனத் தன் படையைக் கலைத்துவிட்டு, நம்பிய ஒருவன் வீட்டில் ஒளிந்தான். அவனே காட்டிக்கொடுத்தான், ஆஸ்வியூவின் ஆணையால் ஆஸ்வின் கொலையுண்டான். சிகபெர்ட்டுக்குப் புதுச் சமயத்தை எடுத்துரைத்தவனும் இதே ஆஸ்வியூதான் என்பது நம்மைத் திடுக்கிடச் செய்கிறது.

கொலையுண்ட ஆஸ்வினுக்கு ஆஸ்வியூவின் அரசி உறவுடையவள். அவள் வேண்ட, கொலை நடந்த கில்லிங் என்னும் இடத்தில் மடம் அமைக்க ஆஸ்வியூ நிலம் அளித்தான். ஆஸ்வினின் உறவினரே ஆகிய டிரம்ஹியர் அதன் தலைவரானார். கொன்றவனுக்கும் கொல்லப்பட்டவனுக்கும் ஒருசேர அங்கே நாள்தோறும் வழிபாடு நடந்தது.