படி ஏறுங்கள், தலை நிமிர்ந்து!

“போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாத குடும்பம்.” நம் ஊரில் சம்பந்தம் பேசும் இடத்தில் முதலில் சொல்லப்படும் நற்சான்று இதுதான். சொத்தும் படிப்பும் அதற்கு அப்புறம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒருநாள் மின்னஞ்சல் வருகிறது, குடியேற்ற விசாவுக்குக் காவல்துறைச் சான்றிதழ் வேண்டும் என்று. ஐம்பத்தெட்டு வயது அம்மா அன்று கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. “நான் யார் குடியக் கெடுத்தேன்? என்னை எதுக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிடுறாங்க?”

அம்மாவைப் போலக் கலங்கி நிற்கிற ஒவ்வொருவருக்காகவும் இதை எழுதுகிறேன். கலங்காதீர்கள். கூனிக் குறுகாதீர்கள். அந்தச் சான்றிதழை யாரும் உங்களுக்குப் பிச்சையாகப் போடப் போவதில்லை. ஐம்பது அறுபது வருடம் யார் வயிற்றிலும் அடிக்காமல் வாழ்ந்தீர்களே, அந்த வாழ்க்கைக்கு அரசாங்கம் எழுதித் தர வேண்டிய ரசீது அது. ரசீது வாங்கப் போகிறவர் ஏன் தலை குனிய வேண்டும்?

அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட என் தம்பி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனுப் போட்டிருந்தான். மனு தேறி, கோப்பு அங்குள்ள தேசிய விசா மையத்துக்குப் போய், ஆவணங்களைப் பதிவேற்றும் கட்டம் வந்தபோதுதான் இந்தப் பேச்சு எழுந்தது. அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கொத்தனார். தொண்ணூறுகளில் ஒன்பது வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். அடிதடி கிடையாது, வழக்கு கிடையாது. அந்த மனிதர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “யாராவது ஏஜென்ட்டுகிட்ட இருபதாயிரமோ முப்பதாயிரமோ கொடுத்து முடிச்சிடுப்பா. நமக்கு எதுக்கு அந்த இடமெல்லாம்?”

எனக்குக் கோபம் வந்தது. அப்பா மேல் அல்ல, அவரை அப்படிப் பேச வைத்த பயத்தின் மேல்.

அந்தப் பயம் ஒருநாளில் முளைத்ததில்லை. 1871-இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. 1911-இல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. பிறந்த சாதியை வைத்தே மனிதனைக் குற்றவாளி என்று பதிந்து, விரல்களைப் பிடித்து உருட்டி, ராத்திரியில் ஸ்டேஷனுக்கு வந்து படு என்று உத்தரவிட்ட சட்டம் அது. மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் அங்கே உயிரை விட்டார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் ஒழிந்தது. காக்கிச் சட்டையைக் கண்டால் வயிற்றில் புரளும் அந்தப் பயம் மட்டும் தலைமுறை தாண்டி நம் வீடுகளில் தங்கிவிட்டது.

அன்று கையைப் பிடித்து இழுத்து உருட்டிய ரேகை, குற்றமே செய்யாதவனைக் குற்றவாளி ஆக்கியது. இன்று நீங்களாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நேரம் குறித்துப் போய் வைக்கிற ரேகை, “இவர்மேல் ஒன்றுமில்லை” என்று அரசாங்கத்தையே சாட்சி சொல்ல வைக்கிறது. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே செத்துவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். உலகத்தின் முதல் விரல்ரேகைக் கூடம் 1897-இல் திறக்கப்பட்ட ஊர் லண்டன் அல்ல, கல்கத்தா. ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் கணக்கை அங்கே உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ்காரர்களின் மூளை இருந்தது. பெயர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. உலகம் அதை ஹென்றி முறை என்றது. எந்த நாட்டு அதிகாரி உங்கள் விரலைப் பிடித்து மையில் உருட்டினாலும் நினைத்துக்கொள்ளுங்கள், இந்த வித்தை நம் மண்ணில் முதிர்ந்தது.

சரி, காரியத்துக்கு வருவோம். வீரம் மட்டும் இருந்தால் போதாது, விவரமும் வேண்டும். விவரம் இல்லாதவனைத்தான் ஏஜென்ட் மிரட்டுகிறான்.

அமெரிக்கக் குடியேற்ற விசா என்றால் கணக்கு இது. பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் சான்றிதழ் வேண்டும். சொந்த நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் அங்கிருந்து ஒன்று. இப்போது வேறு நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வசித்துக்கொண்டிருந்தால் அங்கிருந்தும் ஒன்று. முன்பு வேறெந்த நாட்டிலாவது பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்தும். எங்காவது கைதாகியிருந்தால், ஒரே ஒரு நாள் இருந்த ஊரானாலும், அங்கிருந்தும் வாங்க வேண்டும். அமெரிக்காவில் இருந்த காலத்துக்கு மட்டும் நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத் திட்டத்துக்குக் கணக்கு வேறு, கடந்த பத்து ஆண்டுகளை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் நாட்டுக்கு உரிய கணக்கை அந்த நாட்டின் அரசுத் தளத்தில் நீங்களே படியுங்கள். தெருமுனையில் கேட்டதை நம்பாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் இதற்குப் போக வேண்டிய இடம் பாஸ்போர்ட் அலுவலகம். பக்கத்து ஸ்டேஷனில் எழுதி வாங்கும் தாள் குடியேற்ற விசாவுக்குச் செல்லாது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் பிசிசி, அதாவது காவல்துறைச் சான்றிதழ், என்பதைத் தேர்ந்தெடுத்து, 500 ரூபாய் கட்டி, நாள் குறித்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போக வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தபால் நிலையங்களில் உள்ள சேவை மையங்களும் இதை ஏற்கின்றன. எந்த நாட்டுக்கு என்று விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். சான்றிதழிலும் அந்த நாட்டின் பெயர் வரும். ஆகவே அமெரிக்காவுக்கு வாங்கியதைக் கனடாவுக்கு நீட்ட நினைக்காதீர்கள்.

அவசரமும் வேண்டாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை போட்ட மனுவுக்கு இந்தியர்கள் பதினைந்து வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். தூதரகம் இந்தச் சான்றிதழை இரண்டு வருடம்வரைதான் ஏற்கும். மனுப் போட்ட ஆர்வத்தில் முதல் மாதமே வாங்கி வைத்துவிட்டுப் பிறகு பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பு நகரும் நேரம் பார்த்து வாங்குங்கள்.

அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் சேவை மையத்துக்குப் போனேன். டோக்கன் எண் பலகையில் மின்னும்போதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்தார். முதல் கவுன்ட்டரில் ஒரு பெண், எங்கள் தெருப் பிள்ளை மாதிரி, “உட்காருங்கம்மா, கேமராவைப் பாருங்க” என்றது. அடுத்த கவுன்ட்டரில் காகிதங்களைச் சரிபார்த்தார்கள். அதற்கடுத்ததில் அதிகாரி இரண்டே கேள்வி கேட்டார். வெளியே வந்ததும் அம்மா, “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான்! எத்தனை ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ‘இவ்வளவு’!

அம்மாவின் பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருந்ததால் விசாரணைக்கு எங்கள் காவல் நிலையத்துக்குத் தாள் போயிற்று. ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார், பக்கத்து வீட்டில் இருவரிடம் விசாரித்தார். எல்லாம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. “டீச் செலவுக்கு எதாச்சும்…” என்று இழுத்தார். அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “சார், 500 ரூபாய் ஆன்லைனில் கட்டியாச்சு, இதோ ரசீது. இதுக்கு மேல கட்டணம் இருந்தா சொல்லுங்க, அதுக்கும் ரசீது வாங்கிக்கிறோம்.” குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவுமில்லை. அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கையெழுத்திட்டு, “வரேன்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். சான்றிதழ் வந்து சேர்ந்தது. காக்கி போட்டவர்கள் எல்லாரும் கை நீட்டுகிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்து சொல்லப் போகிறவரும் காக்கிதான். ஆனால் சுத்தமான வாழ்க்கைக்குச் சான்று வாங்கும்போதே லஞ்சம் கொடுத்தால், அந்தச் சான்றில் நீங்களே கறை பூசுகிறீர்கள். கொடுக்காதீர்கள். வற்புறுத்தினால் லஞ்ச ஒழிப்புத் துறை என்று ஒன்று இருக்கிறது.

இப்போது பெயர் விஷயம். நம்மவர்களை இதுபோல அலைக்கழிப்பது வேறெதுவுமில்லை. ஒரு காகிதத்தில் முன்னெழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக. ஆதாரில் ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும், பள்ளிச் சான்றிதழில் வெறும் எல். சிங்கப்பூர்த் தாளில் ‘சன் ஆஃப்’ சேர்ந்திருக்கும். இதைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். குடும்பப்பெயர் வைக்காமல் வாழ்ந்த இனம் நாம், அதில் குறையில்லை. விண்ணப்பிக்கும் முன்பே ஒரு ராத்திரி உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் பாயில் பரப்புங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை அளவுகோலாக வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முன்பு புழங்கிய பெயர் ஏதாவது இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். அப்பாவின் சிங்கப்பூர் வாழ்க்கைக்குச் சாட்சியாக எங்களிடம் மிஞ்சியது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த அந்தப் பழைய பாஸ்போர்ட்டும், ஓரம் உடைந்த வேலை அட்டையும்தான். அட்டையில் இருந்த எண் தெளிவாக இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

சிங்கப்பூர்க் காவல்படையின் சான்றிதழுக்குப் பத்து விரல் ரேகையும் அனுப்ப வேண்டும். இங்கே ஒரு காவல் நிலையத்தில் கேட்டபோது, “இதெல்லாம் எங்க வேலை இல்ல” என்று திருப்பிவிட்டார்கள். அப்பா, “விட்டுடலாம்ப்பா” என்றார். விடவில்லை. விசா மையத்தின் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாவட்டக் காவல் அலுவலகத்து விரல்ரேகைப் பிரிவுக்கே போனோம்.

அங்கே இருந்த அதிகாரி உருளையால் மையை மெல்லிசாகப் பரப்பி, அப்பாவின் பெருவிரலைப் பிடித்து நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருட்டினார். தாளில் விழுந்தது கறுப்புப் பொட்டு. ரேகையே இல்லை. அடுத்த விரலும் அப்படியே. நாற்பது வருடச் சிமென்ட்டும் சுண்ணாம்பும் அப்பாவின் விரல்களைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தன. அப்பா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார், தப்புச் செய்து பிடிபட்ட சிறுவனைப் போல. அந்த அதிகாரி எழுந்து வந்து, மறைத்த கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “ஐயா, எதுக்கு மறைக்கிறீங்க? இது உழைச்ச கை. பத்து நாள் கலவையில கை வைக்காதீங்க. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்க. ரேகை திரும்ப வரும்.”

பத்து நாள் கழித்துப் போனோம். வெந்நீரில் கழுவி, துடைத்து, மறுபடி உருட்டினார். இரண்டு விரல் தேறவில்லை. இன்னும் ஒரு வாரம். மூன்றாவது முறை, கோடு கோடாக, வயல் வரப்பு மாதிரி, பத்தும் விழுந்தது. பாருங்கள், ஏஜென்ட்டுக்கு முப்பதாயிரம் கொடுத்திருந்தால் இந்த ரேகை வந்திருக்குமா? அவன் விரலையா உருட்டியிருப்பான்?

மலேசியாவில் இருந்தவர்கள் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்திடம் ‘சிஜில் கெலாகுவான் பாய்க்’ கேட்க வேண்டும். இலங்கைக்குக் கொழும்புக் காவல் தலைமையகம். பிரிட்டனுக்கு அக்ரோ என்ற அலுவலகம். ஒவ்வொரு நாட்டுக்கும் எது, யாரிடம், எப்படி என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தில் நாடுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். சில நாடுகளில் கிடைக்காது என்றால் அதையும் அங்கேயே எழுதியிருப்பார்கள்.

வழக்கு இருந்தவர்களே, உங்களை மறக்கவில்லை. வரப்புத் தகராறிலோ, போராட்டத்திலோ, ஒரு கோபத்திலோ பெயர் ஏறியிருக்கலாம். அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று முடங்காதீர்கள். விடுதலையானால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் வாங்குங்கள். தண்டனை பெற்றிருந்தால் அதன் நகலும் வேண்டும். நிலுவையில் இருந்தால் வக்கீலைப் பாருங்கள். படிவம் கேட்கும் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நடந்த சம்பவத்தை அதிகாரி எடைபோட்டுப் பார்ப்பார்; பொய் சொன்னது தெரிந்தாலோ வாழ்நாள் தடைவரை போய்விடும்.

சிங்கப்பூர்ச் சான்றிதழ் வந்த அன்று அப்பா என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். “ஒன்பது வருசத்துக்கும் சேர்த்தா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். லேமினேட் பண்ணலாமா என்றார். வேண்டாம்ப்பா, அசல் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையன் வாசலில் வந்து நின்றான். கனடா போகிறானாம், பிசிசி வேண்டுமாம், விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களாம், தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறதாம். நான் செருப்பைத் தேடுவதற்குள் அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

“வா தம்பி, நான் கூட வரேன்.”