முழுவதும் தொழிலுக்காகவே

ஒரு செயல் இரண்டு பயன்களைத் தரும்போது அவற்றுள் எது அச்செயலின் நோக்கம் என்பது அறவியலின் பழைய கேள்வி. பிரிட்டனில் சுயதொழில் செய்பவர் தம் வாகனச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க முற்படும்போது அவரும் இதற்கே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. செலவு முழுவதும் தொழிலுக்காகவே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. தொழிலுக்குரிய பங்கைத் தனியே பிரித்துக் காட்ட முடிந்தால் அந்தப் பங்கை மட்டும் கழிக்கலாம்.

1952இல் தீர்ப்பான நியூசம் வழக்கில், லண்டன் லிங்கன்ஸ் இன்னில் அலுவலகம் வைத்திருந்த வழக்கறிஞர் ஒருவர், விப்ஸ்னேடில் உள்ள வீட்டிலும் வழக்குக் கட்டுகளைப் படிப்பதால் இடைப்பட்ட பயணமும் தொழிலைச் சேர்ந்ததே என்று வாதிட்டார். வீடு அங்கே இருப்பதால் நேர்ந்த பயணம் அது, தொழில் அதை வேண்டவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது சரியே. ஆனால் 1983இல், உடைச் செலவு பற்றிய ஒரு வழக்கில், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை இன்னும் ஆழத்துக்கு இறங்கியது. நீதிமன்றத்துக்கென்றே கறுப்புடை வாங்கிய பெண் வழக்கறிஞரின் மனத்தில் தொழில் தவிர வேறெதுவும் இல்லாதிருக்கலாம். ஆயினும் மனிதர் என்ற முறையில் உடுத்திக்கொள்வதும், அவர் உணராவிட்டாலும், அவருடைய நோக்கமே என்று அது கூறியது.

ஒருவர் அறியாத ஒன்று அவருடைய நோக்கமாக முடியுமா? 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், தற்காப்பைப் பற்றி எழுதும்போது, நாடிய விளைவையும் நாடாமல் உடன் நேரும் விளைவையும் வேறுபடுத்தினார். 1957இல் மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கோம், ‘ஏன் செய்கிறாய்?’ என்ற கேள்விக்கு, தன்னைக் கவனித்து ஊகிக்காமலே செய்பவர் தரக்கூடிய விடையில் நோக்கம் வெளிப்படுகிறது என்றார். மனிதர் தம்மையே ஏமாற்றிக்கொள்வர் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வழக்கறிஞருக்கு உடை தந்த கதகதப்பு உடன் நேர்ந்த விளைவு மட்டுமே, அதை நோக்கமாக ஏற்றிய தீர்ப்பு பிழையானது. குழாய் பழுதுபார்ப்பவர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் பயணத்தின் நோக்கம் மாறுவதில்லை. அதற்காக இரண்டு மைல் சுற்றிப் போனால் அந்த இரண்டு மைலுக்கு வேறு நோக்கம் வந்துவிடுகிறது.

காருக்கும் வேனுக்கும் முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்று 2013இல் வந்த எளிய முறை, பெட்ரோல், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றின் ரசீதுகளைக் கூட்டும் வேலையைக் குறைத்ததே தவிர, எந்த மைல் தொழிலுக்குரியது என்பதைத் தானே தீர்மானிப்பதில்லை. ஆகவே பயணக் குறிப்பேட்டில் தேதி, இடம், மைல் ஆகியவற்றுக்கு அருகே வரும் ‘காரணம்’ என்ற பத்தியே மற்றவற்றைவிடக் கனமானது. அன்று மாலையே எழுதினால் அது செய்தவரின் விடை, ஆண்டு முடிவில் மொத்தமாக நிரப்பினால் தம்மைப் பற்றிய அவருடைய ஊகம்.