தொடாமல் ஏந்திய தீ

கோயிலில் லட்சார்ச்சனை நடக்கும்போது மண்டபத்து மூலையில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். முதல் நாள் பரபரப்பு மூன்றாம் நாள் இருக்காது. அதே நாமங்கள், அதே பூ, அதே குங்குமம். கேட்பவர்கள் வருவார்கள், போவார்கள். சொல்பவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு பக்கம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மறுபக்கம் மனம் அடங்கிக்கொண்டே வரும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே கல்ஹம் என்றோர் ஊர். அங்கே ஜெட் என்று அழைக்கப்பட்ட ஒரு பெரிய டோக்கமாக் இயந்திரம் 1983 ஜூன் 25 அன்று தன் முதல் பிளாஸ்மாவை, அதாவது மின்னேறிய வாயுவை, கண்டது. அதன் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் துடிப்பு என்று பெயர். ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் எண். 2023 டிசம்பர் 18 அன்று நடந்த கடைசித் துடிப்பின் எண் 1,05,842. நாற்பது ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிய கணக்கு. நாமம் சொல்லாத ஒரு லட்சார்ச்சனை.

டோக்கமாக் என்பது ரஷ்ய மொழிச் சுருக்கம். காந்தச் சுருள்கள் சூழ்ந்த வளைய வடிவ அறை என்று பொருள். நம் மெதுவடையை உள்ளே குடைந்து வெற்றிடமாக்கினால் கிடைக்கும் வடிவம். சூரியனின் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஒளியாகின்றன அல்லவா? அந்த இணைவை மண்ணில் நிகழ்த்திப் பார்க்கத்தான் அந்த வளையம். சூரியனுக்குத் தன் எடையே துணை. அந்த எடை அணுக்களை நெருக்கிப் பிடிக்கிறது. பூமியில் அந்த நெருக்கம் வாய்க்காது. அதனால் வெப்பத்தைக் கூட்ட வேண்டும். சூரியனின் மையம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. ஜெட்டுக்குள் எட்டிய வெப்பம் பதினைந்து கோடி டிகிரி அளவுக்குப் போயிற்று.

ஆனால் இந்த வேலை நெருப்பில் தொடங்குவதில்லை. துப்புரவில் தொடங்குகிறது. முதலில் அறையிலுள்ள காற்றை வெளியேற்றுகிறார்கள். பிறகு அறையையே இருநூறு டிகிரிக்கும் மேல் சூடாக்கி, சுவரில் ஊறிக் கிடக்கும் ஈரத்தையும் வாயுவையும் கசியச் செய்கிறார்கள். அதற்கும் அடங்காத அழுக்கை அகற்ற, உள்ளே மெல்லிய மின்னொளியை மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சுவரைத் துலக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் மிஞ்சினாலும், அடுத்து வரும் பிளாஸ்மா அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சில வினாடிச் சுடருக்கு எத்தனையோ நாள் துலக்கல். விளக்கைத் தேய்த்து வைப்பது பூஜைக்கு முந்திய வேலை என்று நாம் நினைத்திருக்கிறோம். பூஜையின் பெரும்பகுதி அதுதான் என்று கல்ஹமில் வேலை செய்தவர்கள் சொல்லாமலே காட்டினார்கள்.

அடுத்தது, சேர்த்து வைத்தல். ஒரு துடிப்புக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் ஊருக்குப் போகும் கம்பியிலிருந்து ஒரேயடியாக உறிஞ்ச முடியாது. அதற்காக இரண்டு பெரிய சுழல் சக்கரங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் சுழலும் பாகம் மட்டும் 775 டன். நிமிடத்துக்கு 225 சுற்று வரும் வரை சில நிமிடங்கள் பொறுமையாக அவற்றைச் சுழல விடுவார்கள். துடிப்பு வந்ததும் சேர்த்த வேகத்தின் பெரும்பகுதி மின்சாரமாகக் காந்தச் சுருள்களுக்குப் போய்விடும். சக்கரங்கள் தளர்ந்து மீண்டும் மெல்லச் சுழலத் தொடங்கும்.

கட்டுப்பாட்டு அறையில் எண்ணிக்கை இறங்கி வரும். பேச்சு நிற்கும். வெற்றிடத்துக்குள் சிறிதளவு வாயு நுழையும். மையச் சுருளில் மின்னோட்டம் மாற, வாயு மின்னேறிப் பிளாஸ்மாவாகும். வளையம் முழுதும் மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். அறைக்குள் அப்போது இருக்கும் எரிபொருள் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே இடத்தைச் சாதாரணக் காற்று நிரப்பியிருந்தால் நூறு கிலோவுக்கு மேல் இருந்திருக்கும்.

இத்தனை சூட்டை எந்தப் பாத்திரம் தாங்கும் என்பதே கேட்பவர்களின் முதல் கேள்வி. சுவர் உருகிவிடாதா என்ற கவலை. வேலை செய்பவர்களின் அன்றாடக் கவலை வேறு. தீ சுவரைச் சுடும் முன்பே சுவர் தீயை அணைத்துவிடும். பிளாஸ்மா அவ்வளவு மெலிதானது. சுவரில் பட்டால் குளிர்ந்துவிடும்; சுவரிலிருந்து பெயர்ந்த துகள்கள் உள்ளே கலந்து அதை மாசுபடுத்தும். அதனால்தான் அதைப் பிடிப்பதில்லை. காந்தப்புலம் அதைச் சுற்றி முறுக்கிய கயிறு போலப் படர்ந்து, எங்கும் படாமல் ஏந்தி நிற்கிறது.

கார்த்திகை அன்று அகலை ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோகும் பெண்ணின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கை அகலைத் தாங்கும். மற்றக் கை சுடரைச் சுற்றி வளைந்திருக்கும், சுடரில் படாது. கொஞ்சம் நெருங்கினால் கை சுடும், சுடரும் நலுங்கும். கொஞ்சம் விலகினால் காற்று புகும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் சுடர் நிற்கிறது. அன்பு என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் இந்த இடைவெளி இல்லை. பிள்ளையை, பெயரை, பக்தியைக்கூட இறுகப் பிடித்துக்கொள்கிறோம். நம் சூட்டில் அது வாடுவதில்லை. நம் குளிர்ச்சியில் அணைகிறது. பற்றறுத்தல் என்றதும் விட்டுவிட்டு ஓடுவதாக அஞ்ச வேண்டியதில்லை. நகராமல் பக்கத்திலேயே நின்று, தொடாமல் காப்பதும் பற்றின்மைதான். காந்தப்புலம் ஒரு கணமும் அகலுவதில்லை.

உள்ளே பார்க்கும் கேமராவின் படத்தில் ஒரு வியப்பு. வளையத்தின் ஓரங்கள் இளஞ்சிவப்பாக ஒளிர்கின்றன. நடுப்பகுதியிலோ எதுவும் இல்லாதது போலத் தெளிந்து கிடக்கிறது. அங்கேதான் வெப்பம் உச்சம். அதன் ஒளி பெரும்பாலும் நம் கண்ணுக்கு எட்டாத எக்ஸ் கதிராகப் போய்விடுகிறது. கண்ணைக் கவரும் அந்த மினுமினுப்பு, குளிர்ந்த விளிம்பு.

பிளாஸ்மாவை மேலும் கீழும் நீட்டி நெட்டையாக்கினால் வெப்பம் நன்றாகத் தங்கும். ஆனால் நெட்டையானது நிற்காது. மேலேயோ கீழேயோ சரியப் பார்க்கும். சரிவதை உணர்ந்து ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் கருவிகள் திருத்த வேண்டும். திருத்தத் தவறினால் டிஸ்ரப்ஷன்: சுடர் கண்மூடித் திறக்கும் முன் சிதறிப்போகும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதாகத் தெரியும் நிலை, உள்ளே இடைவிடாத திருத்தம். தியானத்தில் சிலகாலம் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

1982-இல் ஜெர்மனியின் கார்ஷிங் நகரில் ஆஸ்டெக்ஸ் என்ற டோக்கமாக்கில் ஃபிரிட்ஸ் வாக்னர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். சூடேற்றும் அளவைக் கூட்டக் கூட்ட வெப்பம் அதிகமாகக் கசிவதே அதுவரை கண்ட வழக்கம். ஒரு கட்டத்துக்குப் பிறகு, யாரும் திட்டமிடாமலே, பிளாஸ்மாவின் விளிம்பில் கொந்தளிப்பு அடங்கியது. வெப்பம் உள்ளே தங்கத் தொடங்கியது. ஏன் அப்படி ஆயிற்று என்ற கேள்வி பல ஆண்டுகள் அறிஞர்களை உட்காரவைத்தது. முயற்சி வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும், கதவு உள்ளிருந்து திறக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் வாசல் வரைக்கும் நடந்தவர்களுக்குத்தான் கதவு திறந்தது என்பதும் மறக்கக்கூடாதது. அந்த அமைதிக்கும் ஒரு விலை உண்டு. விளிம்பில் அவ்வப்போது சிறு வெடிப்புகள் எழும். அவற்றை அடக்குவது இன்றைக்கும் வேலைதான்.

பலன் என்ன என்று கேட்டால் கணக்கு அடக்கமானது. 1997-இல் ஜெட்டில் 24 மெகாவாட் செலுத்தி 16 மெகாவாட் இணைவுத் திறன் பெற்றார்கள். 2023 அக்டோபர் 3 அன்று ஐந்து வினாடி அளவில் 69 மெகாஜூல் ஆற்றல் வெளிப்பட்டது; அது உலக சாதனை. செலவான எரிபொருள் 0.2 மில்லிகிராம். நிலக்கரியில் அதே வெப்பத்துக்குச் சுமார் இரண்டு கிலோ எரித்திருக்க வேண்டும். நம் வீட்டு மீட்டர் கணக்கில் அந்த ஆற்றல் ஏறத்தாழ 19 யூனிட். வாங்கியதைவிடக் கொடுத்தது குறைவுதான். அந்த இயந்திரம் ஒரு வீட்டுக்கும் விளக்கேற்றியதில்லை. அதற்காகக் கட்டப்பட்டதும் இல்லை. அடுத்து வருபவர்கள் அறிந்துகொள்ளக் கட்டப்பட்டது. சரிந்துபோன துடிப்புக்கும் எண் உண்டு, அளவீடு உண்டு. ஒரு துடிப்பு முடிந்ததும் கொண்டாட்டமோ புலம்பலோ நீளாது. திரையில் வந்த வளைகோடுகளைப் படிப்பார்கள், ஓரிரு அளவுகளைத் திருத்துவார்கள், சக்கரங்கள் மறுபடி சுழலத் தொடங்கும்.

கடைசி நாளன்று அவர்கள் செய்ததுதான் என் மனத்தைவிட்டு நீங்காதது. நாற்பது ஆண்டுகள் சுவரில் படாமல் காத்தவர்கள், அன்று வேண்டுமென்றே விரைவு மிகுந்த எலெக்ட்ரான்களை உள்சுவர் மீது பாயவிட்டார்கள். அடி எப்படி விழும், காயம் எப்படி ஆகும் என்று வருங்கால இயந்திரங்களுக்குத் தெரிய வேண்டுமே. பிரான்சில் எழுந்துகொண்டிருக்கும் ஈட்டர் போன்ற பெரிய டோக்கமாக்குகளுக்கு அந்தக் காயமே பாடம். இறந்தபின் தம் உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போகட்டும் என்று எழுதி வைப்பவர்கள் நம்மிடையே உண்டு. சுடரைப் பற்றிக்கொள்ளாதவர்கள் இறுதியில் பாத்திரத்தையும் பற்றிக்கொள்ளவில்லை.

இன்று கல்ஹமில் எண்ணிக்கை நின்றுவிட்டது. தூரத்திலிருந்து இயக்கப்படும் இயந்திரக் கைகள் உள்சுவரின் ஓடுகளைக் கழற்றி எடுத்திருக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் அவற்றைப் படிக்கிறார்கள்.

அடுத்த கார்த்திகைக்கு அகலை ஏந்தி வாசலுக்கு வரும்போது, உங்கள் உள்ளங்கை சுடருக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.