பாரி கொடுத்தது ஓடும் தேர்

தஞ்சாவூரிலிருந்து திருச்சி திரும்பிக்கொண்டிருந்தேன். செங்கிப்பட்டி தாண்டியதும் காரின் சூடு காட்டும் ஊசி மெல்ல ஏறியது. மாலை மங்கும் நேரம். சாலையின் இருபுறமும் வெற்று நிலம், ஒரு விளக்கு இல்லை. ஊசி ஏறினால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் நிறுத்தவில்லை. ஆள் நடமாட்டமுள்ள ஒரு டீக்கடை வரும்வரை ஆறேழு கிலோமீட்டர் ஓட்டினேன். நிறுத்தியபோது பானெட்டிலிருந்து ஆவியும் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகையும் வந்துகொண்டிருந்தன. டீக்கடைக்கார அம்மா ஓடிவந்து, "ரேடியேட்டர் மூடியத் தொட்றாதம்மா, கொதிச்சு மூஞ்சில அடிக்கும்" என்றார்.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக், "சாரோட நம்பர் குடுங்க மேடம், பேசிக்கிறேன்" என்றார். கார் என் பெயரில் இருக்கிறது, என்னிடமே பேசுங்கள் என்றேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு பொறுமையாகவே காட்டினார். ஆயில் அளக்கும் குச்சியை உருவினால், டிகாக்ஷனில் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. சூட்டில் ஹெட்டும் வளைந்திருக்கிறது. "ஊசி ஏறுன உடனே நிறுத்தியிருந்தா கேஸ்கெட்டோட போயிருக்கும் மேடம். சூட்டோட ஓட்டிட்டீங்க." கேஸ்கெட் மட்டும் என்றால் எட்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும். இப்போது 48,000 ரூபாய். பிரித்துப் பார்த்தால் இன்னும் கூடலாம்.

ஏன் நிறுத்தவில்லை என்பதை அவரிடம் சொல்ல முயன்று விட்டுவிட்டேன். இருட்டில் தனியாக நிற்கும் பெண்ணுக்கு எஞ்சினைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த நாற்பதாயிரம் என் அறியாமையின் விலை அல்ல. இந்தச் சாலைகள் எனக்குக் கற்றுத்தந்திருக்கும் அச்சத்தின் விலை. ஆனால் பட்டறைக் கணக்கில் அதற்குத் தனி வரி கிடையாது. 'சூட்டோட ஓட்டியது' என்று என் தவறாகத்தான் அது பதிவாகும்.

2011-இல் வெளிவந்த அந்தச் சின்னக் காரை 2015-இல் பழையதாக வாங்கினேன். என் பெயரில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அது. வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் இல்லை. நகை அம்மாவின் பீரோவில். காரின் பதிவுச் சான்றில் மட்டும் என் பெயர் தனியாக நின்றது. முதல் நாள் அம்மா பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்தார். "முன்னாடி உக்காரும்மா" என்றேன். அறுபத்தைந்து வயதில் முதன்முறையாக முன் இருக்கையில் உட்கார்ந்து, கொள்ளிடம் பாலத்தில் ஆற்றை எதிரில் பார்த்துக்கொண்டு வந்தார்.

அதனால், ரிப்பேர் செய்வதா விடுவதா என்ற கேள்வி வெறும் கணக்காக இருக்கவில்லை. நல்ல நிலையில் இருந்தாலே அந்தக் கார் எண்பதாயிரத்துக்கு மேல் போகாது. அடுத்த ஆண்டு பதினைந்து வருடம் முடிகிறது. பதிவைப் புதுப்பிக்கக் கட்டணமே 5,000 ரூபாய், அதற்குமேல் வண்டியைத் தகுதி ஆய்வுக்கும் காட்ட வேண்டும்.

அம்மா, "சரிபண்ணி வச்சுக்க" என்றார். கிழிந்த சேலையை மெத்தை விரிப்பாகவும், ஓட்டை விழுந்த பாத்திரத்தை ஈயம் வைத்தும் காப்பாற்றியவர். தோழி ஒருத்தி, "விட்டுத் தள்ளு. எதையாவது தூக்கிச் சுமக்கிறதே நமக்குப் பொழப்பாப் போச்சு" என்றாள். இருவருமே காரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்குப் பழுதுபார்ப்பது பண்பு, விடுவது தோல்வி. தோழிக்கு விடுவது விடுதலை, பழுதுபார்ப்பது அடிமைத்தனம். இரண்டுமே வண்டியைத் திறந்து பார்க்குமுன்பே எழுதப்பட்ட தீர்ப்புகள்.

காரைத் திருமணத்துக்கு உவமையாக்கும் ஆசை இங்கே எட்டிப்பார்க்கும். வேண்டாம். கார் யாரையும் அடிப்பதில்லை, அழவைப்பதில்லை. விட்டுப் போனால் அதற்கு வலிக்காது. ஆனால் அதனாலேயே, நாம் முடிவெடுக்கும் விதத்தைக் கலப்படமில்லாமல் பார்க்க அது உதவுகிறது. முந்தைய வருடம் கிளட்சுக்கும் நான்கு டயருக்கும் 31,000 செலவழித்திருந்தேன். "இவ்வளவு போட்டாச்சே" என்பதே என் முதல் வாதமாக வந்தது. யோசித்தால், அந்தப் பணம் ரிப்பேர் செய்தாலும் போனதுதான், விட்டாலும் போனதுதான். அது முடிவில் வாக்களிக்கவே கூடாது. ஆனால் 'இத்தனை வருஷம் இருந்துட்டேனே' என்று ஒரு வேலையிலும் உறவிலும் நோன்பிலும் நாம் தொடர்ந்து இருக்கும்போது, வாக்களிப்பது பெரும்பாலும் அதுதான். கேட்க வேண்டியது வேறு: இன்று இந்த வண்டி என்னவாக இருக்கிறது? இனி என்ன கேட்கும்? அந்தச் செலவை யார் தாங்குவார்?

மூன்றாவது வழி ஒன்றைப் பழைய கார் புரோக்கர் சொன்னார். "கசிவு அடைக்கிற மருந்து ஊத்தி, கெட்டி ஆயில் போட்டா ரெண்டு மூணு மாசம் நல்லா ஓடும் மேடம். எழுபதுக்குக் குடுத்துரலாம். வண்டி கத்துக்கற லேடீஸ் யாராவது வாங்கிருவாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?"

நான் உடனே மறுத்துவிடவில்லை. இரண்டு நாள் அந்த எழுபதாயிரத்தை மனதுக்குள் செலவு செய்து பார்த்தேன். எல்லோரும் செய்வதுதானே, வாங்குபவர் பார்த்து வாங்க வேண்டியதுதானே என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னை உறுத்தியது அந்தக் கடைசி வாக்கியம். 2015-இல் 'வண்டி கத்துக்கற லேடீஸ்' நான்தான். அந்தப் பெண்ணும் ஒருநாள் மங்கலான வெளிச்சத்தில் ஊசி ஏறுவதைப் பார்ப்பாள். அவளும் நிறுத்தாமல் டீக்கடை தேடி ஓட்டுவாள். என் அச்சத்துக்கு நான் கொடுத்த விலையை, அவளிடமிருந்து நான் வசூல் செய்திருப்பேன்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். இந்த வருடம்தான் ஒன்று உறைத்தது: பாரி கொடுத்தது ஓடும் தேர். பழுதான தேரை ஓடும் தேர் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர். இன்னொன்றும் உறைத்தது. பாரி இறந்த பிறகு அவன் மகளிரைக் கபிலர் அரசர்களிடம் அழைத்துச் சென்று மணம் செய்துகொள்ளக் கேட்கிறார். விச்சிக்கோனும் இருங்கோவேளும் மறுக்கிறார்கள். தேரின் கதையைச் சொல்லும்போது மகளிரின் கதையை விட்டுவிடுகிறோம். ஒருவர் எதையாவது கொடுக்கும்போதும் விடும்போதும், அதன் பின்விளைவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குறையை மூடிவைப்பதில் நமக்குப் பயிற்சி உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதைச் சொல்லக்கூடாது, அக்கம்பக்கத்தில் எதை மறைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டோம். மறைக்கப்பட்டதும் நாம்தான், மறைத்ததும் நாம்தான். அந்தப் பழக்கத்தை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பயன்படுத்திவிட்டு, பெண்களுக்கிடையேயான தோழமை பற்றிக் கட்டுரை எழுத எனக்குக் கை வராது.

கடைசியில் மெக்கானிக்கிடமே கேட்டேன். எனக்கு 48,000 ஆகும் வேலை அவருக்குப் பாதிக்கும் குறைவு, உழைப்பு அவருடையது. "26,000 தர்றேன் மேடம். நானே சரிபண்ணி ஓட்டிக்கிறேன்." என்னால் தாங்க முடியாத பழுது அவருக்கு ஒரு வாரத்து வேலை. வண்டி ஒன்றுதான், சரியான பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. என்ன பழுது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்திட்டதோடு நிற்காமல், பதிவுச் சான்று அவர் பெயருக்கு மாறும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மாறாதவரை அந்த வண்டியால் வரும் வழக்கும் என்னைத் தேடித்தான் வரும்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் போகிறேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாதம் கொஞ்சம் பணம் மிஞ்சுகிறது. ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் இப்போது யோசிக்கிறேன். அம்மாவை அந்தப் பாலத்தில் அழைத்துப் போய் ஐந்து மாதமாகிறது. இன்னொரு பழைய வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆயில் குச்சியை நானே உருவிப் பார்ப்பேன்.

வண்டி போன அன்று அம்மா வாசலில் நின்று பார்த்தார். தெருமுனை திரும்பும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "என்ன கோளாறுன்னு அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியாடி?"

"சொல்லிட்டேம்மா."

"அப்பச் சரி" என்று உள்ளே போனார்.