சீட்டை எழுத்தில் வாங்குங்கள்!

தியானப் பகுதி: லூக்கா 16:1-8, எரேமியா 32:9-14



வேதத்தில் கடன் சீட்டைக் குறைத்து எழுதின சம்பவம் ஒன்று உண்டு. நூறு குடம் எண்ணெய் ஐம்பதாயிற்று. நூறு கலம் கோதுமை எண்பதாயிற்று. கடன்பட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆனால் குறைத்தது யார்? எஜமான் அல்ல; வேலையை இழக்கப் போகிற உக்கிராணக்காரன்! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 ஊரடங்கில் வேலை இழந்த ஒரு சகோதரர் சிதம்பரத்தில் என்னைப் பார்க்க வந்தார். கிரெடிட் கார்டு பாக்கி வருஷக்கணக்கில் நின்றுவிட்டது. "பாஸ்டர், வசூல்காரர் போன் பண்ணினார். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நாற்பதாயிரம் அவர் நம்பருக்குப் போட்டா கணக்கை முடிச்சிடுறேன்னு சொல்றார். மக காலேஜ் பீஸுக்கு வச்ச பணம் இருக்கு. போட்டுடவா? விசுவாசி கடனைக் குறைச்சுக் கேட்கலாமா?" என்றார். நான் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

1. கேட்பது பாவமல்ல

பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் எஜமான் காலில் விழுந்து தவணை கேட்டான். கேட்டதற்காக அவன் தண்டிக்கப்படவில்லை. இரக்கம் பெற்றபின் உடன் வேலைக்காரன் தொண்டையைப் பிடித்ததற்காகவே தண்டிக்கப்பட்டான். கையில் இருப்பதை ஒளித்துவிட்டு "இல்லை" என்பதுதான் பாவம்.

இந்தக் கடன் சும்மா கிடக்கிற கடனும் அல்ல. ஐம்பதாயிரம் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 21,000 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறே! முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமல்ல என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டி அதிகம் என்று சொல்லி மட்டும் தப்ப முடியாது. வழியில் இருக்கும்போதே எதிராளியோடு நல்மனம் பொருந்தச் சொன்னாரே நம் ஆண்டவர்! இப்படிப்பட்ட சமரசத்துக்கு வங்கிகள் கொள்கை வகுக்க வேண்டும் என்று 2023 ஜூன் 8-ல் ரிசர்வ் வங்கியும் சுற்றறிக்கை அனுப்பியது.

2. எஜமானிடம் கேளுங்கள்

வசூல்காரர் உக்கிராணக்காரன்தான். அவர் வாயால் குறைத்தது வங்கி குறைத்தது ஆகாது. அவருடைய சொந்த நம்பருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்! வங்கிக்கே கடிதம் எழுதுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் பண்ணக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கட்டளையிட்டிருக்கிறது. மிரட்டினால் பயப்படாதீர்கள், வங்கியில் எழுத்தாய்ப் புகார் கொடுங்கள்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் கோர்ட்டில் லோக் அதாலத் நடக்கும்போது அங்கேயும் பேசி முடிக்கலாம். கட்டணம் இல்லை. அங்கே முடிந்தது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஆகவே கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

பழைய கடனுக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷக் கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ கெடு புதிதாய்த் தொடங்கும். அறிந்து கையெழுத்துப் போடுங்கள். ஆனால் கெடு முடிந்தாலும் மனச்சாட்சி முடிந்துபோகாது, பிரியமானவர்களே!

3. எழுத்தில் வாங்கி, பத்திரப்படுத்துங்கள்

எரேமியா ஆனதோத்தின் நிலத்தைப் பதினேழு சேக்கலுக்கு வாங்கினான். தீர்க்கதரிசிதானே, வாய்ச்சொல் போதும் என்றிருந்தானா? இல்லை! பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னான். தீர்க்கதரிசிக்கே பத்திரம் வேண்டியிருந்தால் நமக்கு வேண்டாமா?

வங்கியின் கடிதத்தில் கார்டு கணக்கு, குறைத்த தொகை, கட்டவேண்டிய தேதி, அதைக் கட்டினால் மீதி பாக்கி இல்லை என்ற வாக்கு, எல்லாம் இருக்கட்டும். அதன்பின் கார்டு கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். தேதி தவறினால் சமரசமே முறிந்துபோகலாம். முடிந்ததும் பாக்கியில்லைச் சான்று கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சகோதரர் அன்று பணம் அனுப்பவில்லை. வங்கிக்கு எழுதினார். கடிதம் வந்தது, மூன்று தவணையில் கட்டி முடித்தார். மகளுடைய பீஸும் கட்டியாயிற்று. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்!

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். குறைத்துக் கட்டின கடன் சிபில் ஏட்டில் "செட்டில்டு" என்றே நிற்கும். முழுதும் கட்டியவன் என்று எழுதமாட்டார்கள். பல வருஷம் புதுக்கடன் கிடைப்பது கஷ்டமாகலாம். மனுஷன் இரக்கம் காட்டினாலும் ஏட்டில் அடையாளம் வைக்கிறான்.

நம் ஆண்டவரோ பாவக்கடனைக் குறைக்கவில்லை. முழுதும் தாமே செலுத்தினார். நமக்கு விரோதமான கையெழுத்தையே சிலுவையில் ஆணியடித்து நீக்கிப்போட்டார். அல்லேலூயா! அப்படி விடுதலை பெற்றவர்கள் மனுஷர் முன்பாகவும் உண்மையாய்க் கணக்குத் தீர்க்கக்கடவோம். இன்றே அந்தக் கடிதத்தை எழுதுங்கள். கர்த்தர் தாமே அதிகாரிகளின் கண்களில் உங்களுக்குத் தயவு கிடைக்கச் செய்வாராக. ஆமென்.